அதட்டல் வைத்தியம்

"இதையா குழந்தைக்குக் கொடுக்கப் போறீங்க?"

மருந்துக் கடைக்காரர் சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார், கடையில் நின்ற நாலு பேருக்கும் தெரிகிற மாதிரி.

சீட்டை நீட்டிய அம்மாவின் முகம் சுண்டிப் போனது. அவள் மகளுக்கு ஏழு வயது இருக்கும். கவுண்டரில் இருந்த டூத் பிரஷ் ஸ்டாண்டைக் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் எழுதிக் கொடுத்ததுங்க. கிளாஸ்ல ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறா. இன்னொரு புகார் வந்தா வேற ஸ்கூல் பார்த்துக்கோங்கன்னு சொல்லிட்டாங்க."

"குழந்தைன்னா துறுதுறுன்னுதான் இருக்கும். பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரியா உட்காரும்? உங்களுக்குப் பொறுமை இல்ல, அதுக்குப் பிள்ளை மாத்திரை முழுங்கணும்!"

சொல்லிக்கொண்டே ஒரு டிராயரைத் திறந்தார். எதற்கென்று மறந்துபோய் அடுத்ததைத் திறந்தார். நின்ற இடத்தில் நிற்காத மனுஷர். இருமல் மருந்து கேட்டவர் பத்து நிமிஷமாகக் காத்திருந்தார்.

"எங்க வீட்லயும் ஒரு வாலு இருக்கு. போன வருஷம் வரைக்கும் வீடு ரெண்டு படும். இப்போ? காலையில நான் ஒரு அதட்டு அதட்டினா, பெட்டிப் பாம்பா உட்கார்ந்து படிக்குது. மாத்திரையா கொடுத்தேன்? காலையில ஒரு அதட்டல், சாயங்காலம் ஒரு அதட்டல். அவ்வளவுதான் மருந்து. சைடு எஃபெக்ட் கிடையாது!"

இருமல்காரர் சிரித்தார், சிரித்ததில் இன்னும் இருமினார்.

அந்த அம்மா சீட்டை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஸ்டாண்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று கடைக்காரருக்கு நெஞ்சு நிறைந்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்காது, போன் வந்தது. நாலு தெரு தள்ளி, போன வருஷம் கடை போட்டவர்.

"சார், ஒரு மாத்திரை ஸ்டாக் தீர்ந்துபோச்சு. ஒரு அட்டை இருந்தா கொடுங்க, நாளைக்குத் திருப்பித் தந்துடறேன். ஒரு அம்மா பிள்ளைக்கு வேணும்னு காத்துட்டிருக்காங்க."

மாத்திரையின் பெயரைச் சொன்னார். அதே மாத்திரை.

கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு சொல்லியும் அங்கே போய் நிற்கிறாளே! இன்னும் நாலு வார்த்தை கேட்காமல் விட்டால் அவருக்கு மண்டை வெடித்துவிடும்.

"நானே கொண்டு வர்றேன்" என்றார்.

இருமல்காரரை "அஞ்சே நிமிஷம்" என்று வாசலில் நிறுத்திவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார். வண்டிச் சாவியைத் தேடு தேடென்று தேடி, அது கையிலேயே இருப்பதைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டு கிளம்பினார்.

பாதி வழியில் எதிரே அந்த அம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் அந்தக் கடையின் பெயர் போட்ட கவர். இவரைப் பார்த்ததும் அதைப் பைக்குள் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். மகள் மட்டும் குதித்துக் குதித்து டாட்டா காட்டினாள்.

அவள்தான் வாங்கிவிட்டாளே! அப்போ இந்த அட்டை யாருக்கு?

குழப்பத்தோடு அந்தக் கடைக்குள் நுழைந்தார்.

"வாங்க சார். இருந்த கடைசி அட்டை இப்பதான் போச்சு. இவங்க மாசா மாசம் வாங்குறவங்க, வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் திடுக்கிட்டு எழுந்தாள்.

அவருடைய மனைவி.

கடைக்காரர், அன்றைக்கு முதல் தடவையாக, நின்ற இடத்தில் நின்றார்.

"நம்ம... வாலுக்கா? எத்தனை நாளா?"

"ஒரு வருஷமாச்சுங்க. டாக்டர் சீட்டைக் காட்டினப்போ கிழிச்சுப் போட்டீங்களே, அதுக்கு மறுநாள்லேர்ந்து."

அவர் விரல்களில் இருந்த அட்டையை அவள் மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"காலையில ஒண்ணு. சாப்பிட்டதும். உங்க அதட்டலுக்கு அரை மணி நேரம் முன்னாடி."