அசையாத பாவு

காலை வெயில் ஏறுவதற்குள் தறியில் ஏற்றவேண்டிய பட்டுப் பாவு இழைகளைத் தெருநீளத்துக்கு விரித்தாகிவிட்டது. மஞ்சள் இழைகளின் மேல் கஞ்சி ஈரம் மினுங்குகிறது. யார் வீட்டிலோ இலங்கை வானொலி பாடுகிறது. ஒரு முனைக் கழியை மாணிக்கவேல் இழுத்துப் பிடித்திருக்கிறான். மறுமுனையில் அவன் மனைவி ஜெயம். அவன் கை நடுக்கம் இழைகள் வழியே ஓடிவந்து அவள் விரல்களில் துடிக்கிறது. நடுவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டு முருகேசனுக்கு எரிச்சல். "இன்னா மாணிக்கம், பாவு இப்படி ஆடிகினே கீது?" ஜெயத்துக்கு அந்த ஆட்டம் வேண்டியிருக்கிறது. படவேட்டு ரேணுகாம்பாள் முன்னால் சத்தியம் செய்த நாளிலிருந்து அவன் குடிக்கவில்லை. குடிக்காத கைதான் இப்படி உதறும். ஒரு மடக்கு உள்ளே போனால் நின்றுவிடும். கல்யாணமான புதிதில், தெருமுக்கில் சாராயக்கடை வராத காலத்தில், இதே பாவு இருவருக்கும் நடுவே குளத்துத் தண்ணீர்போல நிற்கும். அவன் அங்கிருந்து விரலால் லேசாகச் சுண்டுவான். அது அவள் கைக்கு வந்து சேரும். அவள் தலைகுனிந்து சிரிப்பாள்.

"ஒரு டீ குடிச்சிட்டு ஜல்தியா வந்துடறேன்" என்று கழியை முருகேசனிடம் கொடுத்துவிட்டு மாணிக்கவேல் முக்குப் பக்கம் போகிறான். வாயைத் துடைத்தபடி திரும்பி வந்து பிடிக்கிறான். பாவு நிற்கிறது. ஓர் இழைகூட அசையவில்லை. "இப்பதான்பா பழைய கை" என்கிறான் முருகேசன். மாணிக்கவேல் அங்கிருந்து லேசாகச் சுண்டுகிறான். அது தெருநீளமும் ஓடி ஜெயத்தின் கைக்கு வந்து சேர்கிறது. அவள் தலை குனிந்துகொள்கிறாள்.