தாவணியோடு ஒரு நீச்சல்

"போட்டியில பாவாடை தாவணியோடயா டீச்சர் நீந்துவாங்க?"

வேல்சாமி தோட்டத்துக் கிணற்று மேட்டில் நின்று பூவனலிங்கம் கேட்டார். கோவில்பட்டி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். 1961இல், மாவட்டப் போட்டிக்குப் பெண்கள் பள்ளியிலிருந்து முதன்முதலாக ஒரு நீச்சல் குழு போகவிருந்தது. அவர் மகள் பேபியும் அதில் இருந்தாள். போன சனிக்கிழமை சொட்டச் சொட்ட நனைந்த தாவணியோடு வீட்டுக்கு வந்திருந்தாள்.

நேசம்மாள் டீச்சர் சிரித்தாள். "போட்டிக்குக் கால்சட்டையும் பனியனும் தச்சு வச்சிருக்கு அண்ணாச்சி. அதுல நான் பழக்குதேன். சனிக்கிழமை மட்டும் சுடலையம்மாள் பழக்குவா. அவ முறை அப்படி."

"அதைத்தான் கேக்க வந்தேன். நீங்க மெட்ராஸ் காலேஜ்ல கப்பு வாங்குனவங்க. உங்களைக் குறை சொல்லலை. இவ தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டுதவ. எந்தப் போட்டியில ஜெயிச்சா? இவ இருந்தா எம் பிள்ளையை இனி அனுப்ப மாட்டேன்."

சுடலையம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். நாற்பது வயதிருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, மேட்டிலிருந்து அப்படியே குதித்துவிட்டாள்.

பூவனலிங்கம் பதறிப்போய் எட்டிப் பார்த்தார். தண்ணீர் எங்கோ ஆழத்தில் கறுப்பாகக் கிடந்தது.

"டீச்சர், ஆளைக் காணோமே."

"வருவா."

எதிர்ச் சுவரோரம் தலை தெரிந்தது. பார்க்க அழகான நீச்சல் இல்லை. நனைந்த சேலையின் கனத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்காமல், கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் படிக்கட்டு இல்லாத பக்கம் போய், கல் இடுக்குகளில் விரலைக் கொடுத்துச் செங்குத்துச் சுவரில் ஏறி மேலே வந்தாள்.

பூவனலிங்கம் இரண்டடி பின்னால் நகர்ந்து அவளுக்கு வழி விட்டார்.

"சேலையோட என்னால பாதிக் கிணறுகூடப் போக முடியாது அண்ணாச்சி," என்றாள் டீச்சர். "முதல்ல பாத்தப்ப எனக்கும் உடம்பு சிலிர்த்துப் போச்சு. நானே தேடிப் போயித்தான் இவளைக் கூப்பிட்டேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க தாயி கத்துக்கிட்ட? கடக்கரைப் பக்கமா?"

"இல்ல அண்ணாச்சி. கட்டிக் குடுத்த ஊருல. அங்கன ஒரு தோட்டத்துக் கிணறு உண்டு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

சுடலையம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் தூரத்தில் வேப்பமரத்தடியில் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் இல்ல. வீட்டுல அடி தாங்க முடியாம, சாகணும்னு குதிச்சேன். உள்ள போனப்புறந்தான் சாக மனசில்லைன்னு தெரிஞ்சுது. சேலை காலைச் சுத்திக்கிட்டுக் கீழ இழுக்கு. எப்படியோ ஒரு கல்லைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே கெடந்தேன். பொழுது சாயுத நேரம், தண்ணி எறைக்க வந்தவிய பாத்துத் தூக்குனாவ."

ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்.

"அதுக்கப்புறம் அதே கிணத்துக்குத் தினமும் போயிக் கத்துக்கிட்டேன். சேலையோடதான். கிணத்துல விழுத பொம்பள கால்சட்டை போட்டுக்கிட்டா வாரா? இந்தப் பிள்ளைகளும் நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போகும். அங்கனயும் கிணறு இருக்கும்லா அண்ணாச்சி."

பூவனலிங்கம் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேபி பயந்துகொண்டே கிட்டே வந்தாள். "அப்பா, வீட்டுக்குப் போவமா?"

"நீ இரு. இவிய சொல்லுத மாதிரி நல்லாப் பழகு."

எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"கடைக்கா அண்ணாச்சி?" என்று டீச்சர் கேட்டாள்.

"இல்ல டீச்சர், நாகலாபுரத்துக்கு. எம் மூத்த மகளை அங்கன கட்டிக் குடுத்திருக்கேன். அழுதுக்கிட்டு வந்தப்பல்லாம் நாந்தான் பஸ் ஏத்தித் திருப்பி அனுப்புனேன். போயிக் கூட்டிட்டு வந்துருதேன்."