மினுக்கிய கடல்

அரியாலை வீட்டு ஜன்னலோரம் நிமலினி தான் துணியில் தைத்த கடலை விரித்துப் பிடித்தபடி நிற்கிறாள். கடலில் அலையே இல்லை. கண்காட்சிக்கு அதை ஏற்றிப்போக வான் வண்டி வரும் நேரம். மேசையில் இஸ்திரிப்பெட்டி இன்னும் ஆறவில்லை. நீலப் பருத்தித் துணியில் நெருக்கமாக நூலோட்டி, ஒவ்வொரு நூலையும் மெல்ல இழுத்துத்தான் அவள் அலை எழுப்பியிருந்தாள். நூல் ஓடிய இடம் அமுங்கும், இடையிலுள்ள துணி மேடாகும். மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழ, கண் அதைத் தண்ணீர் என்று நம்பிவிடும். அந்த மேடுகளைத்தான் கணவர் கிளரன்ஸ், ஞாயிறு ஆராதனைக்கான வெள்ளைச் சேட்டோடு சேர்த்து மினுக்கித் தட்டையாக்கிவிட்டார்.

“இஞ்சேருங்கோ, ஆரைக் கேட்டு உதை மினுக்கினனீங்கள்?”

“சுருங்கிக் கிடந்துது. சனம் பாக்கிற சாமானெல்லே?”

“உங்கடை சேட்டும் கடலும் ஒண்டே?”

அவர் இஸ்திரிப்பெட்டியின் வயரைச் சுற்றுகிறார். அவள் தண்ணீர் தெளித்து, நூல்களை விரலால் மறுபடி இழுக்கிறாள். நனைந்த பருத்தி சுருங்கும். வெயிலில் ஈரம் காயக் காய, அலைகள் ஒவ்வொன்றாக எழுகின்றன. கரையோரம் மட்டும் எழவில்லை. அங்கே ஓட்டியது நைலோன் நூல். சூட்டில் உருகிவிட்டது, துணியும் பழுப்பேறிச் சேறாகக் கிடக்கிறது. வாசலில் வானின் ஹோர்ன் கேட்கிறது.

“உதுக்கு என்ன செய்யப்போறாய்?”

அவள் கறுப்பு நூலைக் கோத்து, பழுப்பின்மேல் மும்மூன்று சிறு தையல்களாகப் பறவைக் காலடிகளைப் போடத் தொடங்குகிறாள்.

“உது தண்ணி வத்தின இடம். கொக்கு நடக்கும்.”

கிளரன்ஸ் சேட்டுப் பொத்தானைப் பூட்டியபடி, அவள் தைத்து முடியும்வரை வான்காரரை மறித்துவைக்கப் படலை வாசலுக்கு ஓடுகிறார்.