எறும்புக்கு எழுதியது

“இதை எழுதினவன் எறும்புக்கு எழுதியிருக்கான்மா. எங்க பஸ் டிக்கெட்லகூட எழுத்து இதைவிடப் பெருசா இருக்கும்.”

பத்தாவது ஆள் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஓய்வுபெற்ற கண்டக்டர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். வருகிறவர்கள் சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் குறிப்பது என் வேலை. அந்தத் தாளை எழுதியது நான்தான் என்று மூச்சுகூட விடக் கூடாது என்பது விதி.

‘எறும்புக்கு’ என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

தடுப்பூசி டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள் அது. மருந்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பது சட்டம். தாள் டப்பாவுக்குள் நுழைய வேண்டும் என்பது டப்பாவின் சட்டம். இரண்டுக்கும் நடுவில் நசுங்கியது எழுத்து.

அச்சுக்குப் போவதற்கு முன் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்ப்போம். படித்து, கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கும் இடத்தைக் காட்டி, சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது பேர் சரியாகச் சொன்னால் தாள் பாஸ்.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அலுமினிய உப்பு.

பழைய தாளில் அதற்கு ‘நோயெதிர்ப்புத் துலங்கலை மிகுவிக்கும் பொருட்டுச் சேர்க்கப்பட்டுள்ள துணைப்பொருள்’ என்று விளக்கம் இருந்தது. எழுதியவர் எங்கள் மேனேஜர். நான் அதைத் தூக்கிவிட்டு இப்படி எழுதினேன்: ‘இதில் துளியளவு அலுமினிய உப்பு இருக்கிறது. அது நோயோடு சண்டை போடாது. சண்டை போட வேண்டிய உடம்பை உசுப்பிவிடும்.’

மேனேஜர் படித்துவிட்டு, “என்ன, தெருச்சண்டைக்கு நோட்டீஸ் அடிக்கிறியா?” என்றார்.

பத்தில் ஒன்பது வராவிட்டால் அவருடைய வாக்கியமே திரும்பி வரும். மூன்று வாரம் முட்டி மோதி வாங்கிய அனுமதி இது. இன்னொரு தடவை கிடைக்காது.

எட்டுப் பேர் வரிசையாகச் சரியாகச் சொன்னார்கள். ஒன்பதாவதாக வந்த டெய்லரம்மா மேஜைமேல் இருந்த ரெக்கார்டரைப் பார்த்ததுமே மிரண்டு போனார். தாளை மடியில் வைத்துக்கொண்டு, “தெரியலைங்க” என்றார். அலுமினியக் கேள்விக்கு மட்டுமல்ல, பெயர் கேட்டதற்கும் அதே பதில்தான்.

தவறு என்று குறித்துவிட்டு டீ இடைவேளை விட்டோம். அவர் பதற்றத்தில் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக, என் வாக்கியத்தின் உயிர் இப்போது கண்டக்டர் கையில்.

“ஐயா, இதுல அலுமினியம் எதுக்குச் சேர்த்திருக்காங்க?” என்று கேட்டார், கேள்வி கேட்கும் அக்கா.

கண்டக்டர் தாளைப் பார்க்கவே இல்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

“அது மாமியார் மாதிரிம்மா. ஒரு வேலையும் செய்யாது. ஆனா வாசல்ல வந்து நின்னாப் போதும், வீட்டுல தூங்குறவங்க எல்லாரும் எழுந்திரிச்சு வேலை பார்ப்பாங்க.”

என் பேனா அப்படியே நின்றுவிட்டது. இது ஏன் எனக்குத் தோன்றாமல் போனது?

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “உங்க மாமியார் அப்படித்தானா?”

“எனக்கு ஏதும்மா மாமியார்? கல்யாணமே பண்ணிக்கலையே.”

மனுஷனுக்கு என்ன கற்பனை என்று மெச்சிக்கொண்டேன்.

“சரிங்கய்யா, அது தாள்ல எங்க இருக்குன்னு காட்டுங்க.”

“இதோ, இங்கதான்” என்று உள்ளங்கையை அகல விரித்துத் தாளின் மேல் வைத்தார். பாதித் தாள் மறைந்தது. அக்கா குனிந்து பார்த்தார். என் வாக்கியம் அவருடைய சுண்டுவிரலுக்கு அடியில் இருந்தது.

அக்கா டிக் அடித்தார்.

பத்தில் ஒன்பது! எழுந்து ஓர் ஆட்டம் போடலாம் போல இருந்தது. விதி இடம் கொடுக்காது. கண்டக்டரை வழியனுப்புகிற சாக்கில் நானே போய்க் கதவைத் திறந்தேன்.

வெளியே பெஞ்சில் டெய்லரம்மா. சுற்றிலும் வாட்ச்மேன், டீ கொண்டுவந்தவர், தரை துடைக்கிற அம்மா. உள்ளே பெயர்கூடச் சொல்லாதவர் இங்கே தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார்.

“டீ வந்தப்பவே சொன்னேன், மறுபடியும் சொல்றேன், இந்த அலுமினியம் அச்சு அசல் எங்க மாமியாரேதான்!”

கண்டக்டர் நேராக அவரிடம் போய்க் கையை நீட்டினார். “படிச்சு முடிச்சாச்சா? என் கண்ணாடியைக் குடும்மா. அது இல்லாம உள்ளே ஒரு எழுத்துகூடத் தெரியலை.”

டெய்லரம்மா மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். “ரொம்ப நன்றிண்ணே. என்னோடதை மெஷின் மேலேயே வெச்சிட்டு வந்துட்டேன். உள்ளே சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

கதவை மெல்லச் சாத்தினேன்.

படித்துப் புரிந்துகொண்டவர் தவறு. படிக்காதவர் சரி. கூட்டிப் பார்த்தால் பத்தில் ஒன்பது அப்படியேதான் இருந்தது. ஆள் மட்டும் மாறியிருந்தார்.

படிவத்தின் கடைசியில், மேனேஜர் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, ‘குறிப்பு’ என்று ஒரே ஒரு கோடு இருந்தது. நடந்த எதையும் மறைக்கக் கூடாது என்பதும் விதி.

நான் மறைக்கவில்லை. கண்ணாடி, மாமியார், உள்ளங்கை, சுண்டுவிரல் என்று ஒன்று விடாமல் அந்த ஒரு கோட்டுக்குள் எழுதி முடித்தேன்.

எறும்பு படிக்கிற அளவில்.