பல் டாக்டர் மீது நான்கு குற்றங்கள்

“குற்றம் ஒன்று. 2005 ஜூன் மாதம் மூன்றாம் ஞாயிறன்று, ஈறு வீங்கி வந்த என்னை ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தது.

குற்றம் இரண்டு. மாத்திரை கேட்டதற்கு, ‘மாத்திரை வேண்டாம், சுத்தம் பண்ணினால் போதும்’ என்று மறுத்தது.

குற்றம் மூன்று. சுத்தம் என்ற பெயரில் சுரண்டி, ரத்தம் வரவழைத்து, பல்லுக்குப் பல் சந்து உண்டாக்கியது.”

சௌந்தரராஜன் நிறுத்தி, கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். துணியில் மெல்லிய சிவப்புக் கோடு. மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

“குற்றம் நான்கு. இவ்வளவும் செய்துவிட்டு, ‘ரத்தம் வருதுன்னு பிரஷ் போடாம விட்டீங்க, அதனாலதான் இந்த நிலைமை’ என்று பழியை என் தலையிலேயே போட்டது.”

சைனிக்புரி தமிழர் நலச்சங்கத்தின் பொதுக்குழு. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“ஹவ், ஆமா, எனக்கும் ரத்தம் வந்துச்சு” என்றார் வேணுகோபால். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். “பயந்துபோய் ரெண்டாம் தடவை நக்கோ, வேண்டாம்னுட்டேன்.”

சௌந்தரராஜன் இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலை யூனியன் செயலாளராக இருந்தவர். இரண்டு சஸ்பென்ஷன், ஒரு ஊர்மாற்றம். எந்த இயந்திரம் பழுதானாலும் தொழிலாளிதான் காரணம் என்று மானேஜர்கள் பாடிய பாட்டைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். அதே பாட்டை முப்பது வயதுப் பெண் ஒருத்தி, அவர் வாய்க்குள்ளேயே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பாடினால்?

அந்த வாரமே துண்டு நோட்டீஸ் அடித்தார். ‘பல்லைச் சுரண்டினால் பல் ஆடும்! உஷார்!’ வீடு வீடாகப் போட்டார். இன்றைக்குத் தீர்மானம்: சங்கத்து அறையில் ஞாயிறுதோறும் இலவசமாகப் பல் பார்க்கும் டாக்டர் ஃபாத்திமா உடனே காலி செய்ய வேண்டும்.

“ஏன் சார், அங்க வர்றது முக்கால்வாசி வாட்ச்மேனும் வீட்டு வேலை செய்யறவங்களும்தான். தொழிலாளித் தலைவரே அதை இழுத்து மூடலாமா?” பின்வரிசையிலிருந்து ஷ்யாம் கேட்டான். சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன்.

“இலவசம்கிறது முதலாளி வீசற பிஸ்கட் தம்பி. இந்தம்மா புருஷனும் உன்னை மாதிரி சாஃப்ட்வேர்தான். விளம்பரம் இல்லாம எவன் சும்மா செய்வான்?”

ஃபாத்திமா எழுந்தாள். வாரம் ஆறு நாள் வேறொரு ஆஸ்பத்திரியில் நின்ற களைப்பு குரலில் இருந்தது.

“அங்கிள், உங்களுக்குப் பாதிதான் முடிஞ்சது. மறுபடி வரச் சொன்னேன், நீங்க வரலை. பல்லைச் சுத்தி காரை படிஞ்சு கல்லாயிருந்தது. அதை எடுத்தா, அது அடைச்சிட்டிருந்த சந்து வெளியே தெரியும். பல் ஆடற மாதிரி தோணும். வீக்கம் வடிஞ்சதும் ஈறு இறுகிடும். ரத்தம் வர்ற இடத்துலதான் ரெண்டு வேளையும் மெதுவா தேய்க்கணும். விட்டா இன்னும் அழுகும்.”

“வாயால சொன்னா ஆச்சா? உங்ககிட்ட முழுசா வைத்தியம் பண்ணிக்கிட்டு, பல் கெட்டியா இருக்கிற ஒரே ஒரு சங்கத்து ஆளைக் காட்டுங்க. தீர்மானத்தை நானே கிழிச்சுப் போடறேன்.”

ஃபாத்திமா மேசை மேலிருந்த தன் நோயாளிகள் பதிவு நோட்டின் மீது கையை வைத்துக்கொண்டாள். “ஆள் இருக்காங்க. பேரைச் சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

“சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டாங்க. வாக்குக் கொடுத்துட்டேன்.”

“பார்த்தீங்களா! மானேஜ்மென்ட்காரனும் இப்படித்தான். ஃபைலைக் கேட்டா ரகசியம்பான்.”

செயலாளர் பத்ரிநாராயணன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கை தூக்கச் சொன்னார். பதினொரு கைகள் எழுந்தன.

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் சௌந்தரராஜனுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் ஜெயித்தால் தொண்டை கிழியக் கோஷம் போடுவார்.

ஃபாத்திமா அறைச் சாவியை மேசையில் வைத்தாள். “அடுத்த வாரம் வர்றவங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க சார். திருமுல்கேரியிலேருந்து ஆட்டோ பிடிச்சு வருவாங்க, பாவம்.”

அப்போது பெண்கள் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. வேதா. சௌந்தரராஜனின் மனைவி. எத்தனையோ மீட்டிங்குக்கு டீ போட்டுக் கொடுத்தவள். ஒன்றில்கூட வாயைத் திறந்தவள் இல்லை.

நேரே மேசைக்கு வந்தாள். “அந்த நோட்டைக் குடும்மா.”

“ஆன்ட்டி, வேண்டாம். ரூம் போனாப் போகட்டும்.”

“உன் வாக்கு உன்கிட்டயே இருக்கட்டும். நீ சொல்ல வேண்டாம், நான் படிக்கிறேன்.”

சௌந்தரராஜனுக்கு உடம்பில் பழைய ரத்தம் ஓடியது. முப்பத்தாறு வருஷத்துக்கு அப்புறமாவது இவளுக்குப் போராட்டம் என்றால் என்னவென்று புரிந்ததே!

“படி வேதா! சத்தமாப் படி, எல்லாரும் கேட்கட்டும்!”

வேதா பக்கத்தைத் தேடவில்லை. சட்டென்று எடுத்தாள்.

“ஜூலை பத்து. ஈறு வீக்கம், ரத்தக் கசிவு. சர்க்கரையும் உண்டு. நாலு ஞாயிறு சுத்தம் பண்ணினது. செப்டம்பர் நாலு. ரத்தம் நின்னுடுச்சு. ஈறு இறுகிடுச்சு. ஒரு பல்லும் ஆடலை.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “குறிப்பு. வீட்டுல நோட்டீஸ் அடிச்சிருக்காங்க, தெரிய வேண்டாம்.”

“பேரு?” பத்ரிநாராயணன் பேனாவைத் திறந்தார். “மினிட்ஸ்ல எழுதணும்.”

“ஆமா, பேரைப் படி!” சௌந்தரராஜன் மேசையைத் தட்டினார். “ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்த அந்தக் கோழை யாருன்னு சபைக்குத் தெரியட்டும்!”

வேதா நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வொரு எழுத்தாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படித்தாள்.

“நோயாளி பெயர், வேதா. கணவர் பெயர், சௌந்தரராஜன்.”