ஆறு மணிக் கேள்வி

“எலிக்கு மருந்து இருக்குது, எனக்கு இல்லையோ?” என்று கேட்டாள் சிவகௌரி.

கேட்டது மகள் நிவேதனாவிடம். இன்று சிவகௌரியின் கணவன் இராசநாயகத்தின் பதினோராவது திவசம். ஐயர் வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடந்தது. தாயும் மகளும் குசினியில் இருந்து படையலுக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார்கள். வெளியே தோட்டத்தில் தண்ணீர் மோட்டர் இரைந்துகொண்டிருந்தது.

நிவேதனா கண்டியில் கம்பஸில் ஞாபகத்தைப் பற்றி ஆராய்கிறாள். நாள் முழுக்க எலிகளோடு மினைக்கெடுகிறாள். எலி பிடிக்கவா இவ்வளவு படிப்பு என்று நக்கலடிக்கும் நீர்வேலிச் சனத்தைச் சிவகௌரி சும்மா விடுவதில்லை. மகள் தனக்காகத்தான் அதைப் படிக்கிறாள் என்பது அவளுடைய நினைப்பு.

பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு ஆவணி மாதம். கணவனும் மனைவியும் நடுவில் மகளுமாக நல்லூர்க் கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார்கள். அதுவரை சிவகௌரிக்கு நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரிக் கட்டில்தான். லொறி இடித்ததும், இருபாலைச் சந்தியில் தெருவிலேயே இராசநாயகத்தின் உயிர் போனதும் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தவை.

சந்தியில் கடை வைத்திருக்கும் குகதாசன் சொன்ன ஒன்றுதான் இன்றுவரை அவளை வதைக்கிறது.

“கால் முறிஞ்சும் நீங்கள் ஒரு சத்தம் போடேல்லை அக்கா. அண்ணையோடை கதைச்சுக்கொண்டு கிடந்தனீங்கள்.”

என்ன கதைத்தார்கள்? குகதாசனுக்குத் தெரியாது. அவன் வாகனம் பிடிக்க ஓடித்திரிந்தான். பதின்மூன்று வயது நிவேதனா பக்கத்தில்தான் இருந்தாள். “எனக்கும் ஒண்டும் நினைவில்லை அம்மா” என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

போதாக்குறைக்கு மோட்டார் சைக்கிள் வீடிருக்கும் நீர்வேலிப் பக்கம் பார்த்துக் கிடந்ததாம். கோயிலுக்குப் போனவர்கள் ஏன் பாதியில் திரும்பினார்கள் என்பதும் சிவகௌரிக்குத் தெரியாது.

அது போகட்டும். அந்த மனிதன் கடைசியாகச் சொன்ன நாலு சொல், அவளுடைய காதிலேயே விழுந்து அவளுக்கே இல்லாமல் போய்விட்டதே! அந்த நாலு சொல்லுக்கு அவள் ஏங்காத நாள் இல்லை.

“அம்மா, மோட்டரை நிப்பாட்ட வேணுமெல்லோ?” என்றாள் நிவேதனா.

சிவகௌரிக்குச் சிரிப்பு வந்தது. “கண்டியிலை இருந்தாலும் உதுதான், இஞ்சை வந்தாலும் உதுதான்!”

பின்னே என்ன? மகள் கண்டிக்குப் போன நாள் தொட்டுப் பின்னேரம் ஆறு மணிக்கு ஃபோன் அடிக்கும். சாப்பாடு, சுகம் எல்லாம் பிறகுதான். “மோட்டரை நிப்பாட்டியாச்சோ?” என்பதுதான் முதல் கேள்வி. “ஓம், நிப்பாட்டியாச்சு” என்று கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். “அப்ப சரி” என்பாள். அந்த ஆவணியில் கவனிப்பாரில்லாமல் ஓடி ஒரு மோட்டர் எரிந்த வீடு. அந்தப் பயமாக்கும் என்று தாயும் விட்டுவிட்டாள்.

“கதையை மாத்தாதை. மருந்தைச் சொல்லு.”

நிவேதனா வாழைக்காயைப் பார்த்தபடி சொன்னாள். “தாங்கேலாத நோ வந்தால் மூளை தானாக ஒரு அபினைச் சுரக்கும், அம்மா. அது நோவைத் தெரியவிடாது. ஆனால் நரம்பும் நரம்பும் சந்திக்கிற இடத்தையும் இறுக விடாது. இறுகினால்தான் ஞாபகம் தங்கும்.”

தோட்டக்காரிக்கு இது விளங்காதா? மிதித்து இறுக்காத வரம்பில் தண்ணீர் நிற்காது.

“அந்த அபினைத் தடுக்கிற மருந்தை எலிக்கு உடனை ஏத்தினால் நல்லாய் நினைவிருக்கும். பிந்தி ஏத்திப் பிரியோசனமில்லை.”

பதினொரு வருஷம் பிந்திவிட்டது. சிவகௌரி கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப எனக்கு நொந்திருக்கலாம், பிள்ளை. எவ்வளவு நொந்தாலும் தாங்கியிருப்பன். அவரின்ரை குரலாவது மிஞ்சியிருக்கும்.”

நிவேதனாவின் கையிலிருந்த காய் தண்ணீர்ச் சட்டிக்குள் நழுவி விழுந்தது.

“எனக்கு ஒரு கீறலும் படேல்லை, அம்மா,” என்றாள்.

சிவகௌரி நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கு வந்தது வெறும் பயம். பயம் ஞாபகத்தை இன்னும் இறுக்கிப் போடும். உந்த ஞாபகத்தை அழிக்கேலுமோ எண்டு பாக்கத்தான் நான் படிக்கப் போனனான்.”

வெளியே மோட்டர் இரைந்தது.

“வெளிக்கிடேக்கை மோட்டரை நிப்பாட்டச் சொல்லி அப்பா என்னட்டைத்தான் சொன்னவர். மறந்துபோனன். கல்வியங்காடு தாண்டினாப் பிறகுதான் சொன்னன். அதுதான் திருப்பினவர்.”

சிவகௌரி மகளுக்குக் கிட்ட நகர்ந்தாள். “தெருவிலை கிடக்கேக்கை… என்ன கேட்டவர்?”

நிவேதனா மோட்டர் இரையும் பக்கம் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லத் தேவை இருக்கவில்லை. பதினொரு வருஷமாகத் தவித்த நாலு சொல், நாள் தவறாமல் ஆறு மணிக்கு ஃபோனில் வந்துகொண்டிருந்திருக்கிறது. அவள்தான் அடுப்படியில் நின்று அரைக் காதால் கேட்டிருக்கிறாள். ஐயோ, சில நாள் எரிந்துகூட விழுந்திருக்கிறாள்.

தான் என்ன பதில் சொன்னாள்? நினைவில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது.

“பிள்ளை நிப்பாட்டிப்போட்டாள் எண்டு சொல்லியிருப்பன்.”

நிவேதனா விம்மி வெடித்தாள். “ஓம்… அப்ப சரி எண்டவர். பிறகு ஒண்டும் கதைக்கேல்லை.”

தோட்டத்தில் வாய்க்கால் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. நிவேதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு மோட்டரடிக்கு ஓட எழுந்தாள்.

சிவகௌரி அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள்.

“இரு, பிள்ளை. ஓடட்டும்.”