பூரணத்தின் தட்டு

என் மனைவி பூரணம் இறந்துவிட்டாள். அவள் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் ஆராய்ச்சிக்கூடத்தில், ஒரு தட்டில், ரோஜா நிறத் திரவத்தில் சௌக்கியமாக இருக்கின்றன. வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே கம்ப்யூட்டருக்குள்ளேயே புற்றுக்கு மருந்து தேடுகிற ஜெசிந்தா, லட்சக்கணக்கான மூலக்கூறுகளை அலசி ஒன்றைப் பிடித்திருந்தாள். எல்லாச் செல்லும் செத்துவிடும் என்றது கம்ப்யூட்டர். மற்றவர்களின் தட்டுகளில் அப்படியே நடந்தது. பூரணத்தின் தட்டில் ஒன்றும் ஆகவில்லை.

“மருந்து உள்ள போகுதுய்யா. போன வேகத்துல இவங்க செல்லு அதை வெளிய தள்ளிடுது. இந்த மருந்தும் கேக்கலன்னா இந்த மாசத்தோட என்னை அனுப்பிடுவாங்க.”

“கம்ப்யூட்டர்கிட்ட இவ குணத்தைச் சொன்னியாம்மா?”

“செல்லுல இருக்கிற புரதத்தோட வடிவத்தைத்தான் சொன்னேன்.”

“அதான். பிரஷர் மாத்திரைய நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சு, நான் திரும்பினதும் செம்பருத்தித் தொட்டியில துப்புறவ இவ.”

அந்தச் செம்பருத்திக்கு இன்றுவரை ரத்தக்கொதிப்பு வந்ததில்லை.

“அப்புறம் எப்படிய்யா விழுங்க வெச்சீங்க?”

“கூடவே நானும் ஒண்ணு போட்டுக்கிட்டா போடுவா.”

கடைசி மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் என்னை விடவில்லை. அங்கே அவளோடு யார் போட்டிருப்பார்கள்?

“என் கன்னத்துல கொஞ்சம் சுரண்டி அவ பக்கத்துல வையிம்மா” என்று வாயைத் திறந்தேன்.

ஜெசிந்தா பஞ்சுக் குச்சியை எடுத்தாள். கிட்டே வந்து நின்றுவிட்டாள்.

“இவங்க விழுங்கிட்டாங்கன்னா, அடுத்த வெள்ளிக்கிழமை நீங்க வந்து பாக்க யாரும் இருக்க மாட்டாங்களேய்யா?”

திறந்த வாயை நான் மூடவில்லை.